ரூம் போட ஒரு ஆள் எதற்கு?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கமோ இருக்கிற டிராவல்ஸ் கடைகளில் கூட்டம் எல்லாம் டிக்கெட்டுக்கும் விசாவுக்கும்தான். ஹோட்டல் ரூம் போட்டுக் கொடுங்கள் என்று படியேறுகிறவர்கள் குறைவு. போனிலேயே போட்டுவிடலாம், நடுவில் ஒரு ஆளுக்கு எதற்குக் கமிஷன் தண்டம் அழ வேண்டும் என்பது பொதுவான நினைப்பு.

கணக்கைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. விற்றுக் கொடுப்பவருக்கு ஒரு பங்கு போகும் என்பதை மனதில் வைத்துத்தான் ஹோட்டல் வாடகையே போடுகிறது. தனி ஏஜென்ட்டுக்கு உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ள பங்கு சுமார் 10 சதவீதம். ஆன்லைன் தளங்கள் எடுப்பது 15 முதல் 25 சதவீதம், சில ஒப்பந்தங்களில் அதற்கு மேலும். ஆக, ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஆப்பில் ரூம் போட்டாலும் கமிஷன் போகத்தான் செய்கிறது. அது அந்தத் தளங்களின் தலைமை அலுவலகம் இருக்கிற குருகிராமுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ போகிறது, அவ்வளவுதான். ஹோட்டலுக்கே நேராகப் போன் செய்தால் அந்தப் பங்கு ஹோட்டலிடமே நிற்கும். சின்ன லாட்ஜ் முதலாளி அதில் கொஞ்சத்தை நமக்கு விட்டுக் கொடுப்பார். பெரிய ஹோட்டல் பெரும்பாலும் விட்டுக் கொடுக்காது.

ஏன் விட்டுக் கொடுக்காது என்பதற்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. தங்கள் தளத்தில் உள்ள விலையைவிட வேறெங்கும் குறைத்து விற்கக் கூடாது என்று ஹோட்டல்களிடம் தளங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொள்வது வழக்கம். இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளுக்காகத்தான் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும், அதோடு சேர்ந்த விவகாரத்தில் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. ஐரோப்பாவில் புக்கிங்.காம் இந்த நிபந்தனையை 2024இல்தான் கைவிட்டது. இத்தனை வருடம் இந்தக் கயிற்றில் கட்டுண்டு கிடந்ததால், நல்ல ஹோட்டல் ஒன்றின் விலை எந்தக் கடையில் கேட்டாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். நாலு ஆப்பில் தேடி நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது அந்த அளவில் வெட்டி வேலை. விலை ஒன்றுதான் என்றால், அதே விலைக்கு யார் என்ன கூடுதலாகத் தருகிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டிய கணக்கு.

ஏஜென்ட்கள் ஹோட்டல் பக்கம் திரும்பியதற்கும் காரணம் பணம்தான். விமான டிக்கெட்டுக்கு ஒரு காலத்தில் நல்ல கமிஷன் இருந்தது. 2008 வாக்கில் இந்திய விமான நிறுவனங்கள் அதை நிறுத்தின. அப்புறம் டிக்கெட் போடுவது சர்வீஸ் சார்ஜுக்கு ஓடும் தொழிலாகிவிட்டது. ரூமில்தான் இன்னும் பங்கு இருக்கிறது. ரூமுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுக்கும் வழக்கம் தாமஸ் குக் காலத்துச் சரக்கு. அவர் 1868இல் ஹோட்டல் கூப்பன் என்று அச்சடித்து விற்றார். இன்று வாட்ஸாப்பில் வந்து விழும் வவுச்சர் அதன் பேரப்பிள்ளை.

இங்கே ஒரு முக்கியமான பிரிவு இருக்கிறது. இது தெரியாமல்தான் பலர் ஏஜென்ட்டிடம் போய்க் கசந்து திரும்புகிறார்கள். ஏஜென்ட் ரூம் போட இரண்டு வழி உண்டு.

ஒன்று கமிஷன் வழி. ஹோட்டலின் சொந்த விலையில், உங்கள் பெயரில், தன் ஏஜென்சி எண்ணைப் போட்டு அவர் ரூம் போடுவார். ஹோட்டல் கணினியில் நீங்கள் ஹோட்டலின் நேரடி வாடிக்கையாளராகவே பதிவாவீர்கள். பணத்தைப் பெரும்பாலும் ஹோட்டலிலேயே கட்டலாம். மாரியட், ஹில்டன் போன்ற சங்கிலி ஹோட்டல்களின் உறுப்பினர் அட்டை வைத்திருந்தால் பாயிண்ட்டும் ஏறும். நீங்கள் தங்கி முடித்துச் சாவியைக் கொடுத்த பிறகுதான் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் வரும். பயணம் ரத்தானால் அவருக்கு ஒன்றுமில்லை. எனவே நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து தங்க வேண்டும் என்பதில் அவருக்கும் அக்கறை உண்டு.

இன்னொன்று நெட் ரேட் வழி. ஹோட்டல்கள் தங்கள் ரூம்களில் ஒரு பகுதியை மொத்த வியாபாரிகளுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடும். ஹோட்டல்பெட்ஸ் போன்றவை அந்த வியாபாரிகள். அவர்களிடமிருந்து டிபிஓ போன்ற ஏஜென்ட் போர்ட்டல்களுக்கு வரும். நம்மூர் ஏஜென்ட் அதில் லாகின் செய்து எடுத்து, மேலே தன் லாபத்தை வைத்து நமக்கு விற்பார். சில நேரம் ஆப்பைவிட உண்மையிலேயே மலிவாக இருக்கும். ஆனால் ஹோட்டல் கணக்கில் நீங்கள் அந்த மொத்த வியாபாரியின் ஆள். பாயிண்ட் ஏறாது. தேதி மாற்ற வேண்டும் என்றால் நீங்கள் ஏஜென்ட்டிடம் சொல்ல, அவர் போர்ட்டலில் சொல்ல, அவர்கள் வியாபாரியிடம் சொல்ல, வியாபாரி ஹோட்டலிடம் கேட்க வேண்டும். ரிசப்ஷனில் நின்று வாதாடிப் பயன் இல்லை. "உங்க ஏஜென்ட்டைக் கேளுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

இரண்டும் தப்பில்லை. ஆனால் எந்த வழியில் போடுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "ஹோட்டல் ரேட்டா, நெட் ரேட்டா?" என்று ஒரு கேள்வி போதும். விவரமான ஏஜென்ட் மறைக்க மாட்டார். தேதி உறுதி, ரத்து செய்யவே மாட்டோம் என்றால் நெட் ரேட் லாபம். பெரியவர்களை அழைத்துப் போகிறோம், தேதி ஆடும் என்றால் என் ஓட்டு முதல் வழிக்கே.

இனி, விலை ஒன்றுதான் என்றால் கூடுதலாகக் கிடைப்பது என்ன? உயர்தர ஹோட்டல்களில் இதற்கு எழுதிவைத்த விடையே உண்டு. ஃபோர் சீசன்ஸ், ஹயாத், மாரியட், மாண்டரின் ஓரியண்டல் போன்றவை தேர்ந்தெடுத்த ஏஜென்ட்களுக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கின்றன. விர்ச்சுவோசோ போன்ற ஏஜென்ட் கூட்டமைப்புகளுக்கும் இதே மாதிரிச் சலுகை உண்டு. அந்த ஏஜென்ட் வழியாகப் போட்டால் ஹோட்டலின் சாதாரண விலையிலேயே இரண்டு பேருக்குத் தினமும் காலைச் சாப்பாடு, ஹோட்டலுக்குள் செலவழிக்கச் சுமார் 100 அமெரிக்க டாலர், ரூம் காலியாக இருந்தால் ஒரு படி மேலான ரூம், சீக்கிரம் உள்ளே போவது, தாமதமாக வெளியேறுவது எல்லாம் சேர்ந்து வரும்.

சிங்கப்பூரில் மகன் வீட்டைப் பார்த்துவிட்டு அறுபதாம் கல்யாணத்துக்கு நாலு நாள் நல்ல ஹோட்டலில் தங்கப் போகும் தம்பதி என்று வைத்துக்கொள்வோம். காலைச் சாப்பாடு ஆளுக்கு 35 சிங்கப்பூர் வெள்ளி என்றால் நாலு நாளைக்கு 280 வெள்ளி. அதோடு அந்த 100 டாலர். ஆப்பில் அதே ரூமை அதே விலைக்குப் போட்டவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. இட்லிகூட இல்லாமல் ஆளுக்கு 35 வெள்ளிக்கு என்னத்தைச் சாப்பிடுவது என்று அம்மா முணுமுணுப்பார் என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சலுகைகள் பெரும்பாலும் ரத்து செய்யக்கூடிய சாதாரண விலையோடுதான் வரும். ‘பணம் திரும்ப வராது’ என்று போட்டு விற்கிற அடிமாட்டு விலையோடு ஒப்பிட்டால் ஏஜென்ட் விலை கூடுதலாகத்தான் தெரியும். ஒப்பிடுகிறவர்கள் அதே நிபந்தனை உள்ள விலையோடு ஒப்பிட வேண்டும். அடுத்தது, இந்தத் திட்டங்களில் எல்லாக் கடைக்கும் இடம் கிடையாது. உங்கள் ஏஜென்ட் அதில் இருக்கிறாரா, அல்லது இருக்கிற வேறு ஏஜென்ட் மூலம் போட்டுத் தருவாரா என்று கேட்க வேண்டும். ‘காலியாக இருந்தால்’ என்ற சொல்லையும் மறந்துவிடக் கூடாது. பள்ளி விடுமுறையில் ஹோட்டல் நிரம்பி வழியும்போது மேலான ரூம் கிடைக்காது, காலை ஏழு மணிக்கு ரூமும் கிடைக்காது.

நம்மூர்க்காரர்களில் பெரும்பாலோர் போவது இந்த வகை ஹோட்டலுக்கு இல்லை. காசிக்குப் போகிறார்கள், மக்காவுக்கு உம்ரா செய்யப் போகிறார்கள், பையன் வேலை பார்க்கும் துபாய்க்குப் போகிறார்கள். அங்கே ஏஜென்ட்டின் பயன் இலவசக் காலைச் சாப்பாட்டில் இல்லை, அவர் கேட்கிற கேள்விகளில் இருக்கிறது. பாளையங்கோட்டைக் கடை ஒன்றில் நடக்கிற பேச்சு இந்த மாதிரி இருக்கும்:

"அண்ணாச்சி, காசியில மூணு ராத்திரிக்கு ரூம் வேணும். அப்பா அம்மாவும் வாராவ."

"அப்பாவுக்கு என்ன வயசு? படி ஏறுவாவளா?"

"முட்டு வலி. மெதுவா ஏறுவாவ."

"அப்ப கங்கைக்கரை ரூம் வேண்டாம். போட்டோவுல நல்லாத்தான் இருக்கும். கார் அங்கன போவாது. கோதோலியா பக்கம் இறங்கி சந்துக்குள்ள நடக்கணும், பொறவு படி வேற. லிஃப்ட் இருக்கா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கானு கேட்டுச் சொல்லுதேன். ரயில் எந்த ஸ்டேஷனுக்குப் போவுது?"

கடைசிக் கேள்வி சும்மா கேட்டதில்லை. காசிக்குப் போகிறவர்கள் இறங்க முக்கியமாக வாராணசி ஜங்ஷன், பனாரஸ், முகல்சராய் (இப்போது தீன் தயாள் உபாத்யாய ஜங்ஷன் என்று பெயர்) என்று மூன்று ஸ்டேஷன் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து போகிற வாராந்திர ரயில் பனாரஸில் நிற்கும். வேறு ரயில்களில் போகிறவர்கள் முகல்சராயில் இறங்கிக் கங்கையைத் தாண்டி வர வேண்டியிருக்கும். ‘வாராணசி, ரயில் நிலையம் அருகில்’ என்று ஆப் காட்டுகிற ஹோட்டல் கன்டோன்மென்ட் பக்கம் இருக்கும். அங்கிருந்து படித்துறைக்குத் தினமும் ஆட்டோ பிடிக்க வேண்டும். ஆப் கேட்பது தேதி, ஆள் எண்ணிக்கை, குழந்தையின் வயது. முட்டு வலி என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

ஏஜென்ட்டை எடைபோட என்னிடம் ஒரு சின்ன உரைகல் உண்டு. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் பல தலைமுறையாக நடக்கிறது. நம்மூர்ச் சாப்பாடு, வாடகையும் கம்மி. அதில் ஏஜென்ட்டுக்கு ஒரு பைசா பிரயோசனம் இல்லை. பெரியவர்களோடு போகிறவரிடம், "அங்க இடம் கெடைக்குதானு முதல்ல கேட்டுப் பாருங்க" என்று சொல்கிற ஏஜென்ட்டிடம் அப்புறம் எதை நம்பியும் கொடுக்கலாம். கமிஷன் கூடக் கிடைக்கிற ஹோட்டலையே திரும்பத் திரும்பத் தள்ளுகிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஒரே ஹோட்டலைக் காட்டினால் இன்னொன்றைக் கேட்க வேண்டும். ஏன் இது, ஏன் அது இல்லை என்பதற்கு அவரிடம் பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் பக்கத்து உம்ரா ஏஜென்ட்களிடம் இந்த விஷயத்தில் தேர்ச்சி அதிகம். மக்காவில் ஹோட்டல் என்றால் ஹரம் பள்ளிவாசலிலிருந்து எத்தனை மீட்டர் என்பதுதான் விலையின் உயிர்நாடி. ஐவேளைத் தொழுகைக்கு நடந்து போய்வர வேண்டும். அந்த வெயிலில் ‘500 மீட்டர்’ என்பதும் ‘1,200 மீட்டர், பஸ் உண்டு’ என்பதும் வயதானவருக்கு வேறு வேறு பயணங்கள். அந்த 500 மீட்டர் பள்ளிவாசலின் வெளிமுற்றத்திலிருந்து அளந்ததா, நாம் உள்ளே போகப் போகிற வாசலிலிருந்து அளந்ததா என்பது அடுத்த கேள்வி. வழி மேடா சமதளமா என்பதும் கேட்க வேண்டியதே, மக்கா குன்றுகளுக்கு நடுவே உள்ள ஊர். ரமலானில், அதிலும் கடைசிப் பத்து நாளில், வாடகை எங்கேயோ போய்விடும். ஏஜென்ட்கள் மாதக் கணக்கில் முன்கூட்டியே ரூம்களை மொத்தமாகப் பேசி வைப்பது அதனால்தான். இந்தப் பேக்கேஜ்களில் நான் பயப்படுகிற வாசகம் ஒன்று: ‘இந்த ஹோட்டல் அல்லது இதற்கு இணையானது’. அந்த இணையானது எது, எவ்வளவு தூரத்தில், ரூமுக்கு எத்தனை பேர் என்பதை எழுத்தில் வாங்காமல் பணம் கொடுப்பது நல்லதில்லை.

வெளிநாட்டில் திரையில் தெரியாத செலவும் உண்டு. மலேசியாவில் வெளிநாட்டினர் ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். துபாயில் ஹோட்டலின் தரத்துக்கேற்ப 7 முதல் 20 திர்ஹம். பெரும்பாலும் இதை ரிசப்ஷனில்தான் கேட்பார்கள். தங்கும்போது திருப்பித் தரும் டெபாசிட் என்று கார்டில் ஒரு தொகையைப் பிடித்தும் வைப்பார்கள். கிரெடிட் கார்டு இல்லாத பெரியவர்கள் அங்கே போய் முழிக்க வேண்டாம் என்றால் யாராவது முன்னமே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, வெளியூரிலிருந்து நம்மூருக்கு வருகிறவர்கள் கதை என்ன? பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். எழும்பூரில் ராத்திரி ஏறினால் நெல்லை எக்ஸ்பிரஸ் காலையில் ஜங்ஷனில் கொண்டுவந்து விட்டுவிடும். குளித்து, வேஷ்டி மாற்றி, பொங்கல் சாமானோடு சாஸ்தா கோயிலுக்குக் கிளம்ப வேண்டும். ரூம் மதியம் 12 மணிக்குத்தான் என்றால் அந்த நாள் வீண். நம் பக்கத்து லாட்ஜ்களில் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. காலை ஏழுக்கு உள்ளே போனால் மறுநாள் காலை ஏழு வரை. பெரிய ஹோட்டல்கள் 12 மணிக் கணக்கு வைத்திருக்கின்றன. ஆப்பில் இரண்டும் ஒரே மாதிரி 12 மணி என்று காட்டினாலும் ஆச்சரியமில்லை, தளத்தின் படிவம் அப்படி. உள்ளூர் ஏஜென்ட்டுக்கு எந்த லாட்ஜில் எந்தக் கணக்கு என்பது மனப்பாடம். ஒரே ஒரு ராத்திரிதான், ஊரும் தெரியும் என்றால் அவரும் தேவையில்லை, லாட்ஜுக்கே போன் அடித்துவிடலாம்.

குற்றாலத்துக்கும் இதே கதைதான். ஆனியிலும் ஆடியிலும் சாரல் அடிக்கும்போது ஒரு விலை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் செங்கோட்டை வழியாகப் போகும்போது இங்கே குளித்துவிட்டுப் போவார்கள், அப்போது ஒரு விலை. மற்ற மாதங்களில் நாம் கேட்கிற விலைக்குக் கிடைக்கும். சீசனில் சனி, ஞாயிறு விலை தனி. இங்கே ஏஜென்ட் மிச்சம் பிடித்துக் கொடுப்பதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீர் அதிகமாகி அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டிப் பேசி வைக்கலாம். தடை அடிக்கடி போடுவார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பாளையங்கோட்டைப் பையன் ஒருவன் இறந்த பிறகு எச்சரிக்கை இன்னும் கூடியிருக்கிறது. முகம் தெரியாத புரோக்கர் அனுப்பும் பங்களா போட்டோவைப் பார்த்து ஜிபேயில் அட்வான்ஸ் போடுவதைவிட, கேட்டால் கடைக்குப் போய் நிற்கக்கூடிய ஆளிடம் கொடுப்பது மேல்.

கல்யாண வீடுகளுக்கு ஏஜென்ட் நல்ல துணை. ஆவணி, தை முகூர்த்த நாட்களில் இருபது ரூம் ஒரே ஹோட்டலில் வேண்டும் என்றால் ஆப் கைவிரித்துவிடும். மொத்தமாகப் பேசும்போது வாடகையைவிட முக்கியமானது, எடுத்துக்கொள்ளாத ரூமை எந்தத் தேதிக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பது. சம்பந்தி வீட்டிலிருந்து பத்து பேர் வரவில்லை என்று கடைசி நேரத்தில் தெரிந்தால் அந்தத் தேதிதான் காப்பாற்றும்.

ஏஜென்ட்டால் ஆகாத காரியங்களும் உண்டு. திருமலையில் தேவஸ்தான ரூம் தேவஸ்தானத்தின் வழியாகத்தான் கிடைக்கும். நான் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். வனத்துறை ஓய்வு இல்லங்களும் அப்படியே, வனத்துறையின் அனுமதிதான் வேண்டும். கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் ரூம் என்பதும் கிட்டத்தட்ட இந்தப் பட்டியலில் சேரும். ஆறு நாளும் விரதம் இருக்கிறவர்கள் ஊரையே நிறைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் ஒழுங்கான ஏஜென்ட், "தூத்துக்குடியில தங்கிட்டுப் போய்ட்டு வாங்க" என்பார்.

நடுவில் ஒரு ஆள் இருப்பதன் முழு அர்த்தம் காரியம் கெடும்போதுதான் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷனுக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. ரயில்கள் ரத்து, சாலைகள் துண்டிப்பு. இப்படி ஒரு நாளில் ஒருவருக்கு ஒரே சமயத்தில் இரண்டு ஹோட்டல் பிரச்சினை வரும். இங்கே தங்கியிருக்கும் ரூமை நீட்டிக்க வேண்டும், அடுத்த ஊரில் போட்டுவைத்த ரூமை விட வேண்டும்.

ஆப்பில் போட்டவருக்கு அங்கே கிடைப்பது ஒரு பட்டன். ‘ரத்து செய்தால் பணம் திரும்ப வராது’ என்று அது சொல்லும். கஸ்டமர் கேர் எண்ணில் பாட்டு ஓடும். சட்டப்படி ஹோட்டலும் பணம் தர வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. அதன் ரூம் திறந்துதான் இருக்கிறது, வர முடியாதது நம் பாடு. ஆனால் ஹோட்டல் மேனேஜருக்கு மனது வைக்க இடம் உண்டு. பணத்தைத் திருப்பித் தராவிட்டாலும் தேதியை மாற்றித் தரலாம். அதை யார் கேட்கிறார்கள் என்பது முக்கியம். ஒருமுறை தங்கிவிட்டுப் போகிற ஆள் கேட்பதற்கும், வருஷத்துக்கு நாற்பது ரூம் அனுப்புகிற ஏஜென்ட் கேட்பதற்கும் மேனேஜர் ஒரே பதில் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டும் என்றுகூட நான் எதிர்பார்க்கவில்லை, வியாபாரம் அப்படி.

ஹோட்டல் இருக்கிற ரூமைவிட அதிகமாகப் புக்கிங் வாங்கிவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு வந்தவரை வேறு ஹோட்டலுக்கு அனுப்புவதும் உலகம் முழுக்க நடக்கிறது. அப்போது யாரை முதலில் அனுப்புவார்கள்? ஒரு ராத்திரிக்கு, குறைந்த விலையில், மூன்றாம் ஆள் மூலம் போட்டவரைத்தான் பொதுவாக அனுப்புவார்கள். உறுப்பினர் அட்டைக்காரரையும் தெரிந்த ஏஜென்ட் அனுப்பியவரையும் கூடிய மட்டும் தொட மாட்டார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கடையை மூடிவிட்டுப் போனால் போனை எடுக்காத ஏஜென்ட்டுக்கும் ஆப்புக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிரச்சினை என்றால் யாருக்கு அழைக்க வேண்டும் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வரிக் கணக்கிலும் விவரமான ஏஜென்ட் உதவுவார். 2025 செப்டம்பர் 22 முதல் இந்தியாவில் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் ரூம் வரியோடு 7,770 ஆகும். 7,600 ரூபாய் ரூம் 8,968 ஆகிவிடும். வாடகையில் இருநூறு ரூபாய்தான் வித்தியாசம், கையிலிருந்து போவதில் கிட்டத்தட்ட ஆயிரத்து இருநூறு. எல்லைக்கோட்டில் நிற்கும் ரூமைப் பேசிக் கீழே இறக்க முடியுமா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் தனியாகச் சர்வீஸ் சார்ஜ் வாங்கினால் அதற்கு 18 சதவீதம் உண்டு, பில் கேட்டு வாங்கலாம். சிக்கலான பயணத்துக்கு அவர் கட்டணம் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வெளிநாட்டுப் பயணத்தில் இன்னொன்று. டிக்கெட், ஹோட்டல் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று வருமான வரிக்கு முன்கூட்டியே ஒரு தொகையை ஏஜென்ட் பிடித்து அரசுக்குக் கட்டியாக வேண்டும். ஹோட்டலை மட்டும் தனியாகப் போட்டால் அது பேக்கேஜ் கணக்கில் வராது. பிடித்த பணம் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழிந்துவிடும். ஆனால் தாக்கலே செய்யாத பெரியவர்கள் பெயரில் பேக்கேஜ் வாங்கினால் அந்தப் பணத்தைத் திரும்ப எடுப்பதற்காகவே தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். யார் பெயரில் பில் போடுவது என்பதை ஏஜென்ட்டோடு உட்கார்ந்து முடிவு செய்வது நல்லது.

கையில் வந்த வவுச்சரைப் படிக்காமல் போனில் போட்டுவைக்கக் கூடாது. அதில் ஏஜென்ட்டின் புக்கிங் எண் ஒன்று இருக்கும். ஹோட்டல் கொடுத்த உறுதி எண் தனியாக ஒன்று இருக்க வேண்டும். இரண்டாவது இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும். நெட் ரேட்டில் போட்ட ரூமுக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், ஆனால் வரும். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் ஹோட்டலுக்கே போன் போட்டு அந்த எண்ணைச் சொல்லி, பெயர், தேதி, கட்டில் எண்ணிக்கை, லிஃப்ட் பக்கத்து ரூம் என்று கேட்டது எல்லாம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அந்த எண் அவர்கள் கணினியில் இல்லை என்று சொன்னால் உடனே ஏஜென்ட்டைக் கூப்பிட வேண்டும். சரிசெய்ய அவருக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.